தணிகாசலத்தின் ஓட்டு

போர் நினைவிடத்தை அகற்றி ஸ்டேடியம் கட்டுவதா என்பதில் நகர்மன்றம் சரிபாதியாகப் பிரிந்து நின்றது. அந்த நினைவிடத்தின் கற்களுக்குள் குரலாக வாழும், போரில் இறந்த வீரர்களுக்கும் மன்றத்தில் ஓட்டு உண்டு. கல்லைப் பெயர்த்தால் குரல் போய்விடும். தினமும் மாலையில் கணவரின் கல்லோடு பேசுகிற அமிர்தவல்லி, "வேணாம்னு சொல்லிடுங்க" என்று முன்கூட்டியே கெஞ்சியிருந்தாள்.

கடைசி ஓட்டு அவள் கணவருடையது.

"ஹவில்தார் தணிகாசலம், என்ன சொல்றீங்க?" என்றார் தலைவர், நினைவிடத்தில் அவர் கல்லின் முன் நின்று.

"கபடி உண்டா?"

மன்றமே சிரித்தது. "உண்டுங்க."

"அப்போ கட்டுங்க. பசங்க தார் ரோட்டுல ஆடி முட்டியைப் பேத்துக்கறானுங்க. வல்லி, கோவிச்சுக்காத. முதல் வரிசையில ஒரு சீட்டு கேட்டு வாங்கிக்க."

லீவில் வரும்போதெல்லாம் ரயிலில் தன் இடத்தை யாருக்காவது கொடுத்துவிட்டு, ஊர்வரை நின்றே வந்தவர் அவர்.

"இந்த மனுஷன் மாறவே இல்ல" என்று அமிர்தவல்லி அழுதுகொண்டே பக்கத்திலிருந்தவளிடம் பெருமையாகச் சொன்னாள்.