மீட்பு இலக்கம்

மனைவியின் முகநூல் கணக்கில் வேறொருவனுடைய தொலைபேசி இலக்கம் இருந்தது. ஜெனோஜன் அதை மீண்டும் மீண்டும் வாசித்தான்.

எந்த இலக்கத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு இல்லை; கேட்பவர்களுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பதோடு அவனுடைய வேலை முடிந்துவிடும். எனவே தன் கைத்தொலைபேசியில் இருந்த இலக்கங்களோடு அதை ஒப்பிட்டான். எதனோடும் அது பொருந்தவில்லை.

தோட்டவெளியில் உள்ள அந்த வீட்டுக் கணினிக்கு அண்மைக்காலம் வரை கடவுச்சொல் என்ற ஒன்றே இருந்ததில்லை. டிலோஜினி அதில் கேக் ஓடர்களைக் கவனிப்பாள். கடலுக்குப் போகாத நாட்களில் அவன் படம் பார்ப்பான். தேவாலயப் பங்கு மண்டபத்தில் இணையப் பாதுகாப்பு வகுப்பு நடைபெற்ற பின்னர் யாவும் மாறிவிட்டன.

அவள் கணினியின் கமெராவின் மேல் பிளாஸ்ரர் ஒட்டினாள். அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போவதானாலும் திரையைப் பூட்டிவிட்டே எழுந்தாள். எதற்கெடுத்தாலும் "றெஜினோல்ட் சேர் சொன்னவர்" என்றாள்.

வகுப்பு எடுத்த அந்த றெஜினோல்ட் சேரை ஜெனோஜன் ஒருமுறை கண்டிருந்தான். கசங்காத சேட்டு, மீன் வெடுக்கு நாற்றம் அறியாத கைகள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று காலையிலும் அந்தப் பேச்சே எழுந்தது.

"கடவுச்சொல்லை எனக்குச் சொன்னால் என்ன?"

"ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டு சேர் சொன்னவர்."

"புருசனுக்குமோ?"

"புருசனெண்டு தனியா ஒண்டும் சொல்லேல்லை." அவள் கேக்கின் மேல் பூவைப் பிழிந்தபடியே சிரித்தாள். "நீங்கள் ஒரு சாமானைப் பத்திரமா வைச்சிருக்கிற ஆளெண்டால் யோசிப்பன். உங்கட போன் எத்தினை சிம்மோட கடலுக்குள்ள கிடக்கு?"

"அது வலை இழுக்கேக்க விழுந்தது. உன்ர சேர் ஒருநாள் வள்ளத்தில ஏறிப் பாக்கட்டும்."

"அவர் ஏன் வள்ளத்தில ஏற வேணும்? பாவம், கடல் ஆட்டத்துக்கு அவருக்குத் தலை சுத்திச் சத்தி வரும்."

அவருக்காக அவள் இரக்கப்பட்டது ஜெனோஜனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவ்வேளையில் வாசலில் ஓட்டோ ஹோர்ன் அடித்தது. முதல்நன்மைக் கொண்டாட்ட வீட்டுக் கேக்கைத் தூக்கிக்கொண்டு அவள் விரைந்தாள். திரையைப் பூட்ட மறந்துவிட்டாள்.

அதனால்தான் அந்த இலக்கம் அவன் கண்ணில் பட்டது. 'மீட்பு இலக்கம்' என்று அதன் மேல் எழுதியிருந்தது. அதாவது, கடவுச்சொல்லை அவள் மறந்துவிட்டால், கணக்கைத் திறக்கும் குறியீடு அந்த இலக்கத்துக்கே போகும். புருசனுக்குக் கிடைக்காத திறப்பு எவனோ ஒருவனுடைய சட்டைப் பையில் இருந்தது.

அதற்குக் கீழே இருந்த வரி அவனை மேலும் எரித்தது. அந்த இலக்கம் இணைக்கப்பட்ட மாதம், அவர்களுக்குக் கலியாணமான மாதம்.

அப்படியானால் வகுப்பு வெறும் சாட்டு. இது முந்தியே தொடங்கிய விடயம். பொழுது படுவதற்குள் அவளை நறுவிலிக்குளத்தில் இருக்கும் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று அவன் தீர்மானித்தான். அதற்கு முன்னர் அந்த மனிதனின் குரலைக் கேட்டுவிட வேண்டும்.

அவன் இலக்கத்தை அழுத்தினான். தொலைபேசியை மேசையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹலோ." ஆண் குரல்தான்.

"நீ ஆர்?"

"எடுத்தது நீங்கள். ஆரெண்டு கேக்கிறது என்னையோ?"

"டிலோஜினியைத் தெரியுமோ?"

"டிலோஜினி… ஓம், ஓம். அந்தப் பேரில இடைக்கிடை மெசேஜ் வாறது. போன கிழமையும் ஒண்டு வந்தது."

வாசலில் வெறும் தட்டோடு டிலோஜினி வந்து நின்றாள்.

"வா," என்றான் அவன். "வந்து கேள். உன்ர ஆள்தான் கதைக்கிறார்."

"என்ர ஆளோ? எந்த ஆள்?" அவள் கிட்ட வந்து, தொலைபேசித் திரையில் தெரிந்த இலக்கத்தைக் குனிந்து பார்த்தாள். "இஞ்சேருங்கோ, இந்த நம்பர்…"

"நீ வாயைத் திறக்காதை. அவன் சொல்லட்டும்." அவன் மேசையை நோக்கித் திரும்பினான். "அவள் என்ர மனுசி. உனக்கும் அவளுக்கும் எவ்வளவு காலமாத் தொடர்பு? உண்மையைச் சொல்லு."

"தம்பி, கத்தாதேங்கோ. நான் பெரியமடுவில வயல் செய்யிற ஆள், பேரப்பிள்ளையளும் இருக்கினம். உங்கட மனுசியை நான் கண்டதுமில்லை, கதைச்சதுமில்லை. இந்த சிம்மைக் கடையில வாங்கினது போன மாரியிலதான்."

"பொய். பிறகேன் அவள் உனக்கு மெசேஜ் போடுறாள்?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? வாறதெல்லாம் ஏதோ கோட் நம்பர்தான். இந்த நம்பரால எனக்கு நிம்மதியே போச்சுது. விடியக் காலமை ஒருத்தர் கோல் எடுத்து அறக்குளா மீன் என்ன விலை எண்டு கேக்கிறார். இன்னொருத்தர் கிழிஞ்ச வலை பொத்திறதுக்கு எப்ப வாறியள் எண்டு கேக்கிறார். வயலுக்குள்ள நிண்டு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

டிலோஜினி தட்டை மெல்ல மேசையில் வைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு, அதில் அமர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு கணவனின் முகத்தையே பார்த்தாள்.

மறுமுனையில் பெருமூச்சொன்று கேட்டது.

"நீங்களெண்டாலும் சொல்லுங்கோ தம்பி, எடுக்கிற எல்லாரும் என்னட்டைக் கேக்கினமே, ஆர் அந்த ஜெனோஜன்?"