கேப்டனின் காபி நாற்காலி

"எத்தனை கிலோ, டோன்யா எலோயிசா?"

"அறுபது."

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள் எலோயிசா அம்மாள். ஓடுதளத்துக் கொட்டகையில் கேப்டன் நிக்கானோரும் மறுபேச்சு இல்லாமல் எழுதிக்கொண்டார்.

நெல்வாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறுபதா? அந்த அம்மாள் ஏறினால் பேருந்தே ஒரு பக்கம் சாயுமே!

நெல்வாவின் இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை ரூபென். நாற்பது நாள் குழந்தையாகப் பார்த்துவிட்டு டிரினிடாட் நகரத்துக்கு வேலைக்குப் போன அப்பா, இன்று மறுபடி பார்க்கப் போகிறான். வெள்ளத்தில் சாலை முழுகி மூன்று மாதம். இந்தக் குட்டி விமானத்தை விட்டால் வழியில்லை.

போன வாரம்தான் பழைய செய்தித்தாள் ஒன்றில், சின்ன விமானங்கள் எதனால் விழுகின்றன என்று படித்துத் தொலைத்திருந்தாள். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

அதனால் காலையிலிருந்தே கேப்டனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கைக்கு அடியிலிருந்து பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்த்தார். நல்லது. டாங்கிக்குள் குச்சி விட்டு அளந்தார். அதுவும் நல்லது. ரேடியோவில் டிரினிடாடைக் கூப்பிட்டு மேகம் எப்படி என்று விசாரித்தார். ஓடுதளத்தில் படுத்திருந்த மாட்டைக்கூடத் தானே போய் விரட்டினார்.

இவ்வளவும் பார்த்த மனுஷன் இதில் கோட்டை விடுகிறாரே! பாரம் அதிகமானால் விமானம் எழும்பாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்களே!

"நான் எழுபது" என்றார் மாட்டு வியாபாரி டோன் ஓவிடியோ, பெல்ட்டுக்கு மேல் வழிந்த தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு.

"எழுபதா? அது உங்க கல்யாணத்துக்கு முன்னாடி!" என்றாள் எலோயிசா.

"உங்க அறுபது மட்டும்? இடது காலா, வலது காலா டோன்யா?"

கொட்டகையே சிரித்தது. நெல்வாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கான்வென்டில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். பொய் என்றாலே அவளுக்கு ஆகாது.

"கேப்டன், எல்லாரையும் ஒரு தடவை எடை போட்டுப் பாத்துடலாமே?"

"பெண்பிள்ளைங்கள எடை மெஷின்ல ஏத்தறதா? விமானம் விழுந்தாக்கூட நான் பொழச்சுக்குவேம்மா. டோன்யா கையில மாட்டினா பொழைக்க மாட்டேன்! நீங்க எத்தனை?"

"ஐம்பத்திரண்டு. பிள்ளை ஏழு" என்றாள் நெல்வா வெடுக்கென்று.

அதையும் எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஆரம்பித்தது காபி உபசாரம். முன்பு மாட்டிறைச்சி எடை போட்டு ஏற்றிய கொட்டகை அது. மூலையில், பலகைத் தரைமேல் பெரிய தோல் நாற்காலி ஒன்று. அதில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்காமல் யாரும் நிக்கானோரின் விமானத்தில் ஏற முடியாது. அதுவும் கைப்பையும் தானுமாக, ஒவ்வொருவராக. ஒவ்வொரு தடவையும் "இதோ, சர்க்கரை" என்று நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய திரைக்குள் போய்விட்டு வந்தார்.

மத்தியானம் மழை வந்துவிடும். இங்கே காபிக்கடை நடக்கிறது!

நெல்வாவின் முறை வந்தபோது, முதலில் ரூபெனை வாங்கி நாற்காலியில் படுக்க வைத்தார்.

"இவரும் பயணிதானே? யாரும் தொடாதீங்க, ராஜா மாதிரி இருக்கட்டும்."

"அவனுக்குமா சர்க்கரை?" என்று கேட்டாள் நெல்வா.

அதற்குள் திரைக்குள் போய்த் திரும்பிவிட்டார். பிறகு பிள்ளையை எலோயிசா வாங்கிக்கொள்ள, நெல்வா உட்கார்ந்தாள். நாற்காலி லேசாக அசைந்து கொடுத்தது. காபி அருமையாக இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கடைசியில் கேப்டன் விமானத்திலிருந்து மூன்று சோடாப் பெட்டிகளை இறக்கி வைத்தார்.

"ஐயோ, உங்க பொண்ணோட பதினஞ்சாவது பிறந்தநாளுக்கு வாங்கினதாச்சே!" என்றாள் எலோயிசா.

"அடுத்த நடையில எடுத்துக்கறேன். இன்னிக்கு வெயில் ஜாஸ்தி. விமானத்துக்கு மூச்சு வாங்கும்."

எல்லாரும் ஏறப்போகும் நேரத்தில் பார்த்தால், ரூபெனின் தொப்பியைக் காணோம். பிள்ளையோடு திரும்ப ஓடினாள் நெல்வா. நாற்காலிக்குப் பின்னால், திரைக்கு அடியில் கிடந்தது தொப்பி. திரையைத் தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சர்க்கரை டப்பா எதுவும் அங்கே இல்லை. இறைச்சி நிறுக்கும் பழைய தராசின் வட்ட முகம்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு இரும்புக்கம்பி, நாற்காலி நின்ற பலகைக்கு அடியில் போயிற்று. பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதிய ஒரு தாள்:

எலோயிசா: சொன்னது 60, நாற்காலி 93.

ஓவிடியோ: சொன்னது 70, நாற்காலி 88.

நெல்வா: சொன்னது 52, நாற்காலி 66.

ஆக 65 அதிகம். என் சோடாப் பெட்டி மூன்றையும் இறக்க வேண்டும்.

நெல்வாவின் முகம் சூடாகியது. ஐம்பத்திரண்டு, கல்யாணத்தன்று இருந்த எடை. புருஷனுக்காகப் பாவாடைக்குள் கட்டிக்கொண்டிருந்த இரண்டு கிலோ பாலாடைக்கட்டி வேறு!

"தொப்பி கிடைச்சுதா?"

பின்னால் கேப்டன். உதட்டில் விரல்.

"வெளியில சொல்லிடாதீங்கம்மா. தெரிஞ்சா இந்த ஊர்ல ஒருத்தரும் என் காபியைக் குடிக்க மாட்டாங்க."

நெல்வாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

அவர் தாளின் ஓரத்தில் தனியாக இருந்த வரியைத் தட்டிக் காட்டினார். 'ரூபென்: சொன்னது 7, நாற்காலி 7.' தொப்பியை வாங்கிப் பிள்ளையின் தலையில் மாட்டிவிட்டுச் சொன்னார்:

"இந்த விமானத்துல உண்மை பேசற ஒரே ஆள் நீதான்டா!"