தடித்த எழுத்து

காணாமல் போன மகனைத் தேடும் போஸ்டரில், அவன் படத்துக்குக் கீழே, 'திட்ட மாட்டேன், வந்துவிடு' என்று ஒரே வரியாகப் போடச் சொன்னார் கோமதிநாயகம். அவர் மனைவி பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கணினியில் மெல்லிய எழுத்தில் அடித்துக் காட்டினேன்.

"ஓடுற பஸ்ல இருந்து பாத்தாலும் தெரியணும்லா தம்பி? தடியாப் போடுங்க," என்றார் கோமதிநாயகம்.

தடித்த எழுத்துக்கு மாற்றியதும் வரி போஸ்டரை விட்டு வெளியே போனது. எழுத்துகளைப் பக்கவாட்டில் நெருக்கினேன். அவை தோளோடு தோள் இடித்துக்கொண்டு நெட்டையாக எழுந்து நின்றன. சுழிகளெல்லாம் அடைத்துக் கறுத்துவிட்டன.

கோமதிநாயகம் திரையையே பார்த்தார். "என்ன தம்பி, அதட்டுத மாதிரில்லா இருக்கு?"

மெலிதாக்கினேன். கடை வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலையே."

மறுபடி தடிப்பாக்கி, நிறத்தை மட்டும் நீலமாக மாற்றினேன். நீலத்தில் அதட்டியது. கணினியில் இருந்த தடித்த எழுத்துகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார்.

"முதல்ல போட்ட தடி எழுத்தே இருக்கட்டும் தம்பி," என்றார் அவர் மனைவி. "அப்பத்தான் அவங்கப்பா சொன்னதுன்னு அவன் நம்புவான்."