சொர்ணவல்லியின் கோணல் சிரிப்பு

விருதுநகர் புகைப்படக் குழுவில் எல்லாருமே வியாபாரிகள். ஞாயிறுதோறும் ஒருவர் கைப்பேசியில் இருக்கும் குழு ஆல்பத்தில் படம் போடுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு நுட்பத்தால் அதைத் திருத்துவார்கள். அதிக விருப்பம் வாங்கிய முகத்தை ஆல்பம் எடுத்துக்கொள்ளும். அதன்பின் படத்தில் இருப்பவரின் பழைய படங்களிலும், எல்லார் கைப்பேசியிலும், அந்த முகமே வந்துவிடும். விற்ற சரக்கைத் திருப்பி வாங்காத கடை மாதிரிதான் ஆல்பமும்.

வத்தல் மண்டி ரத்தினசபாபதி தன் மனைவி சொர்ணவல்லியின் படத்தைப் போட்டார். சிரித்தால் அவளுக்கு வாய் ஒரு பக்கம் கோணும். பாத்திரக்கடை தங்கப்பழம் அதை நேராக்கினார். முதல் விருப்பம் போட்டதே ரத்தினசபாபதிதான். ஆல்பமும் அந்த முகத்தையே எடுத்துக்கொண்டது.

"யாருங்க இது?" என்று கேட்டாள் சொர்ணவல்லி.

"நீதான். எம்புட்டு லட்சணமா இருக்கே பாரு."

சில வருடங்களில் அவள் இறந்துபோனாள். மாலை போட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிறன்று தங்கப்பழத்திடம் வந்தார்.

"அவ சிரிப்பைப் பழையபடி கோணலாக்கிக் குடுப்பா."

"நேராக்குனவனுக்குக் கோணலாக்கத் தெரியாதா அண்ணாச்சி?" தங்கப்பழம் திரையில் அவள் உதட்டோரம் விரலை வைத்தார். "எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

"இடது."

படம் மாறியது. ரத்தினசபாபதி வெகுநேரம் பார்த்தார்.

"இல்ல, வலதோ?"

அதுவும் மாறியது. குழுவில் பாதிப்பேர் இடது என்றார்கள், பாதிப்பேர் வலது என்றார்கள். ரத்தினசபாபதி கண்ணை மூடிக்கொண்டு, தன் வாயையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோணிக் கோணிப் பார்த்தார்.