அக்கா வீட்டுக் குழாய்

சர்க்கரை கடன் கேட்க வந்தவள் போல டம்ளரும் கையுமாக எதிர்வீட்டு அக்காவின் சமையலறை வாசலில் நிற்கிறேன். என் வீட்டில் டப்பா நிறையச் சர்க்கரை இருக்கிறது. அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டு பதினோரு மாதமாக இந்தப் படியை மிதிக்காத அவள் தம்பி, பிளம்பர் வேலை செய்பவன், ஒழுகும் குழாய்க்கு முன்னால் நிற்கிறான். "ஊர்ல வேற பிளம்பரே இல்லியா?" என்கிறான். "இருந்தா உன்ன எதுக்குடா கூப்பிடறேன்?" என்கிறாள் அக்கா, துடைத்த மேடையையே மறுபடி துடைத்தபடி. ஜன்னல் வெயிலில் குழாயின் நட்டு மேல் புதுக் கீறல்கள் பளபளக்கின்றன. சொந்தக் குழாயை எவளாவது தானே கழற்றுவாளா? அவன் பார்வை கீறலிலிருந்து, உப்பு டப்பாவுக்குப் பின்னால் பாதி ஒளிந்திருக்கும் கட்டிங் பிளேயருக்குப் போய், அக்காவின் சிவந்த உள்ளங்கையில் நிற்கிறது. "யார் கை வெச்சது?" என்று மட்டும் கேட்டுவிட்டால் தீர்ந்தது, இன்னொரு பதினோரு மாதம். "பழைய நட்டு, தானா கழண்டிருக்கு" என்று ஸ்பேனரால் இறுக்குகிறான். சொட்டுவது நிற்கிறது, அக்காவின் முகமும் சுருங்குகிறது. அதைப் பார்த்தவன் ஸ்பேனரை மெதுவாகக் கால் சுற்று திருப்பித் தளர்த்துகிறான். தொட்டியிலுள்ள பாத்திரத்தில் டொக்கென்று ஒரு சொட்டு. "ஒரே நாள்ல முடியற வேலை இல்லக்கா. ஞாயித்துக்கிழமை வர்றேன்." ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் காப்பித்தூள் தீர்ந்துவிடும்.