துணைக்கு வந்தவர்

"வெள்ளம் வடிஞ்சு வருசம் ஒண்ணாச்சு. இன்னும் என்னட்டி பயம் ஒனக்கு? வெக்கமா இல்ல?"

பாளையங்கோட்டை மனநல மருத்துவர் மாதுரியின் அறைக்குள் நுழையும்போதே நமச்சிவாயம் மனைவியை ஏசிக்கொண்டுதான் வந்தார்.

"தண்ணியக் கண்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்கி டாக்டர்," என்றாள் காந்திமதி. "தனியா வரவும் பயம். அதான் இவுகளக் கூட்டியாந்தேன்."

"நான் துணைக்குத்தான். எனக்கு ஒண்ணும் கிடையாது," என்று முந்திக்கொண்டார் அவர்.

நமச்சிவாயம் பஸ் டிரைவர். மார்கழி வெள்ளத்தில் அவர் பஸ் நடுவழியில் மாட்டிக்கொண்டது. பயணிகள் அத்தனை பேரையும் கரை சேர்த்தார். ஆனால், அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. முதுகுவலி என்று சொல்லி டெப்போவில் உட்கார்ந்திருந்தார்.

மாதுரி இரண்டு விரல்களை நீட்டினாள். "பயம் குறைய ஒரு கண் பயிற்சி இருக்கு. முதல்ல சும்மா பழகிக்கிடுவோம். தலை ஆடக்கூடாது. கண்ணு மட்டும் விரல் கூடவே போகணும்."

விரல் இடமும் வலமும் போனது. காந்திமதிக்குத் தலை ஆடியது, தோள் ஆடியது, கடைசியில் சிரிப்பும் வந்துவிட்டது.

"எனக்கு வரல. நீங்க செஞ்சு காட்டுங்களேன்!"

"இதென்ன பெரிய வித்தையா? தள்ளுட்டி!"

நமச்சிவாயம் உட்கார்ந்தார். விரல் போனது, கண்ணும் போனது. நாலைந்து தரம்தான்.

"சன்னல் வரைக்கும் தண்ணி டாக்டரம்மா... பிள்ளைங்க கத்துது..."

பொலபொலவென்று அழுதுவிட்டார்.

மாதுரி விரலை இறக்கினாள். அவர் மூச்சு சீராகும்வரை காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, நடந்தது மறக்காது. ஆனா அதை நினைச்சுக்கிட்டே இப்படிக் கண்ணை ஓட்ட ஓட்ட, நடுக்கம் பைய குறையும். உங்களுக்கும் செய்யட்டுமா?"

"சரி... அவளுக்குத் துணையா நானும் செஞ்சுக்கிடுதேன்."

வாராவாரம் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் மனைவியை ஏசிக்கொண்டேதான் வந்தார்.

சித்திரை மாதம் ஒரு காலையில் கொக்கிரகுளம் பாலத்தில் ஒரு பஸ், ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஓட்டியவர் நமச்சிவாயம். முன்சீட்டில் காந்திமதியும் மாதுரியும்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை ஊர்வலமா போகுது?" என்று கத்தினார் கண்டக்டர்.

"ஆமாவே! மாப்பிள்ளை நான்தான்!"

பஸ்ஸே சிரித்தது. கீழே, கோடை மழையில் தாமிரபரணி நிறையத் தண்ணீர். அவர் எட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொரு ஹாரன் அடித்தார்.

ஜங்ஷனில் இறங்கியதும் காந்திமதி மாதுரியின் காதைக் கடித்தாள். "டாக்டர், எனக்கு ஒரு பயமும் கிடையாது. இவுகளக் கூட்டியார நான் போட்ட நாடகம். சொல்லிராதீக!"

அவள் பூ வாங்க நகர்ந்ததும், நமச்சிவாயம் மெல்ல அருகே வந்தார்.

"நாடகம்னு சொல்லிட்டாளா?"

மாதுரி திகைத்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். தனியா வர எனக்கு வெக்கம். எனக்காக அவ ஒரு வழி கண்டுபிடிச்சா, அதை நான் கெடுக்கலாமா? நம்பிட்டேன்னு அவ நினைக்கணும்லா, அதுக்குத்தான் அந்த ஏச்செல்லாம்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் பூக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளம் வந்தப்ப அவ மதுரையில தங்கச்சி வீட்டுலல்லா இருந்தா!"