சுந்தரம்மாள் வீட்டுக் கதவு

குற்றாலம் போகிற டூரிஸ்ட் பஸ் கோயில் தெருவில் இன்ஜினை அணைக்காமலே நிற்கிறது. இந்த ஊரில் அதற்கு ஐந்து நிமிடம்தான். போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு பஸ்ஸில் வந்த பெண்கள் ஒதுங்க இடம் கேட்டார்கள்; யாரும் கை காட்டவில்லை; அவித்த இட்லி விற்காமல் ஆறிப்போக, பஸ் போய்விட்டது. இட்லிக்கடை சுந்தரம்மாள் அதை மறக்கவில்லை. முழங்கைவரை சுண்ணாம்பு அப்பியிருக்க, இப்போது பஸ்ஸுக்கு முன்னால் வந்து நிற்கிறாள்.

“அண்ணாச்சி, பொம்பளையாளுகள இறக்கி விடுங்க. கடைக்குப் பின்னால கக்கூஸ் கட்டிருக்கேன்.”

“மறைப்பு இருக்கா தாயி?” டிரைவர் எட்டிப் பார்க்கிறார். புது வெள்ளைச் சுவர் வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. அதில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த கனத்த மரக்கதவு. பக்கத்தில் அவள் வீட்டு வாசலில் கதவு இல்லை. ஒரு பழைய சுங்கடிச் சேலை காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது.

“வீட்டுக் கதவையா கழட்டி மாட்டிருக்கே?”

“எங்க வீட்டுல களவாங்க என்ன கெடக்கு? இங்கன கதவு இல்லன்னா ஒங்க பஸ்ஸு நிக்காதுல்லா.”

சிவப்புச் சேலைக்காரி ஒருத்தி இறங்கி விறுவிறுவென்று உள்ளே போகிறாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருவரை கேட்கிறது. டிரைவர் இன்ஜினை அணைக்கிறார்.